புல்லோடு வெட்டிய மண்

எடித் கன்னியர் மடம்
மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு மறுநாள், 1201

அன்புள்ள அக்கா ஹவீஸுக்கு,

அப்பா இறந்துபோனதை ஒரு கம்பளி வியாபாரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மடத்து ஆட்டு ரோமத்துக்கு விலை பேச வந்தவன் பேச்சோடு பேச்சாக, "ஹோப்வெர்ன் பிரபு பாயின் போய்ச் சேந்துட்டாரே, உங்களுக்குச் சேதி வரலையா? ஆத்துத்துறையில வேல்ஷ்காரன் விட்ட அம்பு, நேரா கழுத்துல" என்றான். மடத்துத் தாய் ஈடா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன். அப்புறம் என்ன செய்தேன் என்று நினைவில்லை.

எனக்கு ஏன் ஆள் அனுப்பவில்லை அக்கா? ஒரு நாள் தூரம்தானே? வீட்டு நாய் செத்தால்கூடச் சொல்லியனுப்புகிற குடும்பம் நம்முடையது. அவரை எங்கே புதைத்தீர்கள், அம்மாவுக்குப் பக்கத்திலா? அதையாவது எழுது.

எட்டு வயதில் என்னை இங்கே அனுப்பிய காலை உனக்கு மறந்திருக்காது. குதிரை ஏற மாட்டேன் என்று கோட்டை வாசலில் புரண்டு அழுதேன். அப்பா கத்தியை உருவி, வாசல் மேட்டில் கையகல மண்ணைப் புல்லோடு வெட்டி எடுத்து என் மடியில் வைத்தார். "இந்தா, ஹோப்வெர்ன் உங்கிட்டதான் இருக்கு. பத்திரமா வச்சுக்க. இனிமே அழக் கூடாது" என்றார். காவல்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். காடு காக்கும் கோரொன்வி மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். நம் பக்கத்தில் ஒருவர் தன் நிலத்தை இன்னொருவருக்குக் கொடுப்பது அப்படிப் புல்லோடு வெட்டிய மண்ணைக் கையில் வைத்துத்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. கோரொன்விக்குத் தெரிந்திருந்தது.

அதை இங்கே நோயாளிகள் அறைச் சுவரோரம் நட்டேன். காயவில்லை. ஒரு முட்செடியும் கொஞ்சம் தீவனப்புல்லும் அதிலிருந்தே முளைத்தன. "என்ன அவெலின், பசு வாங்கிக் கட்டப் போறியா?" என்று தாய் ஈடா கேலி செய்வாள்.

நமக்கு அண்ணன் தம்பி இல்லை. இனி நீயும் நானும்தான். நான் இன்னும் கன்னியாஸ்திரி ஆகவில்லை, முக்காடு வாங்கவில்லை. குதிரை அனுப்பு, வீட்டுக்கு வருகிறேன். சாதுவான குதிரையாகப் பார். நான் ஏறிப் பல வருடமாகிறது.

உன் தங்கை
அவெலின்


ஹோப்வெர்ன் கோட்டை
சகல புனிதர் திருநாள், 1201

ஹோப்வெர்ன் பிரபு ஃபுல்க்கின் மனைவி ஹவீஸ், எடித் மடத்தில் வாழும் தங்கை அவெலினுக்கு, கோட்டைப் பாதிரியார் ஓடோவின் கையால் எழுதுவது.

நம் தந்தையார் உரிய மரியாதையுடன் நம் தாயாரின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் உன்னைக் கடவுளுக்கென்று கொடுத்தது நீ அறிந்ததே. கொடுத்ததைத் திரும்பப் பெறுவது அவருடைய ஆன்மாவுக்கு நல்லதல்ல. வரும் மெழுகுதிரித் திருநாளில் ஆயர் உங்கள் மடத்துக்கு வந்து உனக்குக் கறுப்பு முக்காடு அணிவிப்பார். அதற்கு வேண்டிய துணியும் மெழுகும் மடத்துக்கு வந்து சேரும்.

குழந்தையின் அழுகையை நிறுத்த ஒரு தகப்பன் விளையாட்டாகச் செய்ததை நிலக்கொடை என்று யாரிடமும் பேச வேண்டாம். அதைப் பேசுவோர் இந்தக் குடும்பத்துக்கு நன்மை செய்பவர் அல்லர்.

ஹவீஸ்


எடித் மடம்
மார்ட்டின் திருநாள், 1201

அக்கா,

கடிதம் கிடைத்தது. அது அத்தானின் கடிதம். நீ வாழ்நாளில் "நன்மை செய்பவர் அல்லர்" என்று சொன்னதில்லை. "போடி, உனக்கு வேற வேலையில்ல" என்றுதான் சொல்வாய். அத்தான் உன் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, பாவம் ஓடோ எழுதியிருக்கிறார். நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டா?

அத்தானிடம் சொல், எனக்குக் கோட்டை வேண்டாம். பையன் இல்லாத வீட்டில் பெண்களுக்குச் சரிபாதி என்பது சட்டம், மூத்தவளுக்குக் கோட்டை என்பதும் சட்டம். நான் பாதியும் கேட்கவில்லை. வாசலுக்கு மேலே நாம் இரண்டு பேரும் படுத்த அறை இருக்கிறதே, அதில் என் பக்கத்துப் படுக்கையை மட்டும் கேட்கிறேன். இங்கே எனக்கு யாரும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையும் கண் விழித்ததும் ஒரு நொடி நம் அறையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு நொடிக்கு அப்புறம் நாள் முழுக்க எனக்குத் தாங்கவில்லை.

ஒன்று செய். நீயே நேரில் வா. என் முகத்தைப் பார்த்து, "முக்காடு போட்டுக்கடி" என்று உன் வாயால் சொல். போட்டுக்கொள்கிறேன்.

அவெலின்


ஹோப்வெர்ன்
கிறிஸ்து பிறப்பு கழிந்த மூன்றாம் நாள், 1201

அவெலின்,

அவர் வேட்டைக்குப் போயிருக்கிறார். இது என் கடிதம். நான் பேசப் பேச எழுதும்படி ஓடோவிடம் சொல்லியிருக்கிறேன். "இதையுமா அம்மா எழுதணும்?" என்கிறார். எழுதுங்கள் என்றேன்.

நீ நினைப்பது மாதிரி இல்லை, தங்கச்சி. நீ வெளியே வந்தால் உன்னை நான் வைத்துக்கொள்ள முடியாது. கல்யாணமாகாத பெண் நிலத்தோடு நின்றால் அவளை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பது அரசரின் கையில். யார் என்றே தெரியாத ஒருத்தன் உன் பேரைச் சொல்லி வந்து ஹோப்வெர்னில் பாதி எனக்கு என்பான். பாதி வயல், பாதி மாவு ஆலை, பாதிப் படை. மேற்கே எல்லை மண்கரைக்கு அந்தப் பக்கம் வேல்ஷ் பிரபு இயோர்வெர்த் உட்கார்ந்துகொண்டு நம் அடுப்புப் புகையை எண்ணிக்கொண்டிருக்கிறான். பாதிச் சுவரை வைத்துக்கொண்டு அவனை எப்படித் தடுப்பது? அப்பா செத்த அன்றைக்கே மாட்டுக்கொட்டில் இரண்டைக் கொளுத்திவிட்டுப் போனான்.

கோரொன்வியைக் கூப்பிட்டு அவர் மிரட்டினார். அவன், "பார்த்தத பார்த்தேன்னு சொல்றேன், பிரபு. பெரியவர் மண்ண வெட்டினாரு, பாப்பா மடியில வச்சாரு. என் கண்ண பிடுங்கினாத்தான் அத இல்லன்னு சொல்ல முடியும்" என்று நின்றான். அவனை அடித்து விரட்டிவிட்டார்கள். மண்கரையைத் தாண்டிப் போய்விட்டான். என்னைத் தூக்கி வளர்த்தவன், நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் முழுகாமல் இருக்கிறேன். போன இரண்டும் தங்காதது உனக்குத் தெரியும். இது தங்கினால் அதற்கு ஒரு முழுக் கோட்டை இருக்க வேண்டும் அல்லவா? அதற்காகக் கேட்கிறேன். வயிற்றில் இருக்கிறவனுக்காக முக்காடு போட்டுக்கொள். உன்னால் இந்த வீடு நிற்கும்.

நேரில் வரச் சொல்கிறாய். வரப் பார்க்கிறேன்.

ஹவீஸ்


எடித் மடம்
மெழுகுதிரித் திருநாளுக்கு மறுநாள், 1202

ஹவீஸ் அம்மையாருக்கு,

முடிந்துவிட்டது. ஆயர் மூன்று முறை அழைத்தார். மூன்றாவது முறை, "நீயாக விரும்பித்தான் வருகிறாயா, மகளே?" என்று கேட்டார். பதில் சொல்லும் முன் நான் கதவைப் பார்த்தேன். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் கதவைப் பார்த்தேன். பிறகு "ஆம்" என்றேன்.

தரையில் படுக்கவைத்துக் கறுப்புத் துணியால் மூடி, இறந்தவர்களுக்குப் பாடும் பாட்டைப் பாடினார்கள். சட்டத்தின் கண்ணுக்கு நான் இனி இல்லை. எனக்கு நிலமும் கிடையாது, பங்கும் கிடையாது. நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

இனிமேல் எழுத வேண்டாம். இறந்தவர்கள் பதில் போட மாட்டார்கள்.


ஹோப்வெர்ன்
அறுவடைக் காலம், 1208

அவெலின்,

நீ பதில் போட மாட்டாய் என்று தெரிந்தும் வருடா வருடம் எழுதுகிறேன். ஓடோவுக்கே அலுத்துவிட்டது. "போன வருஷக் கடுதாசியவே திரும்ப அனுப்பிடலாமே அம்மா" என்கிறார்.

ஜைல்ஸுக்கு ஆறு வயது. தங்கிவிட்டான். வலது கன்னத்தில் உனக்கு விழுகிற அதே குழி அவனுக்கும். உனக்கு அனுப்பப் பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றும்போது பக்கத்திலேயே நிற்பான். நேற்று, "சித்தி செத்துட்டாங்கன்னு அப்பா சொன்னாரே. செத்தவங்களுக்கு எதுக்கும்மா பாலாடைக்கட்டி?" என்று கேட்டான். "அவ செத்தாலும் பசிக்கும்டா, அவ வயிறு அப்படி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு தன் பங்கிலிருந்து ஒரு துண்டை உடைத்து உள்ளே வைத்துவிட்டான். ஓரத்தில் கடித்த தடம் இருந்தால் அது எலி இல்லை.

அரசருக்கும் போப்பாண்டவருக்கும் நடக்கும் சண்டையில் கோவில்களைப் பூட்டிவிட்டார்கள். இங்கே மணி அடித்து மாதக்கணக்காகிறது. பூசை இல்லை, செத்தவருக்கு மந்திரம் இல்லை. உங்கள் மடத்திலும் அப்படித்தானா? மணி இல்லாத காலையில் உனக்கு எப்படி விழிப்பு வருகிறது?

அக்கா


ஹோப்வெர்ன்
மார்ட்டின் திருநாள், 1214

அவெலின்,

ஜைல்ஸ் போய்விட்டான். போன பனிக்காலத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு, ஐந்தே நாளில். அப்போதே எழுதச் சொல்ல வாய் வரவில்லை. ஓடோ எதிரில் உட்கார்ந்து இறகை மையில் தோய்ப்பார், காயும், மறுபடி தோய்ப்பார்.

கோவில்கள் பூட்டிக் கிடந்த காலம். கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கக் கூடாது என்றார்கள். என் பிள்ளையை வேலிக்கு வெளியே, நம் வாசல் மேட்டில் வைத்தேன். அப்பா உனக்கு மண் வெட்டிக்கொடுத்தாரே, அதே மேடு. பனியில் தரை இறுகிக் கிடந்தது. யாராலும் தோண்ட முடியவில்லை. கோரொன்வி எப்படிக் கேள்விப்பட்டானோ, மண்கரையைத் தாண்டி வந்தான். இத்தனை வயதில் ஒரு பகல் முழுக்கத் தானே குழி வெட்டினான். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனான்.

ஜூலையில் கோவில்களைத் திறந்தார்கள். இப்போது மணி அடிக்கிறது. எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

அதே ஜூலையில் ஃபுல்க் பிரான்சில் அரசரின் பாளையத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய சேணம் மட்டும் வந்தது.

அரசரின் ஓலை வந்திருக்கிறது. கெரார் என்று ஒரு படைத்தலைவன், கடல் தாண்டி வந்தவன். சண்டையில் உழைத்ததற்கு என்னையும் ஹோப்வெர்னையும் அவனுக்குக் கொடுக்கிறாராம். மறுத்தால் கோட்டையைப் பறித்துக்கொள்வார்கள். ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அதைக் கேட்க எனக்கு நாக்கூசுகிறது. அப்பா உனக்கு மண் கொடுத்தது உண்மை என்று நீ வந்து சொன்னால் நிலம் உன்னுடையதாகிவிடும். நிலம் என் பேரில் இல்லை என்றால் என்னை எவன் கட்டிக்கொள்ள வரப்போகிறான்? பல் இரண்டு போய்விட்டது. கோரொன்வி சாட்சிக்கு வருவான். முக்காடு கட்டாயத்தில் போட்டது என்று நீ சத்தியம் செய்தால் திருச்சபை நீதிமன்றம் அதை நீக்கும் என்கிறார் ஓடோ.

அன்றைக்கு அந்த மண்ணைப் பற்றிப் பேசாதே என்றேன். இன்றைக்குப் பேசு என்கிறேன். என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள். ஆனால் வா.

அக்கா


எடித் மடம்
மூன்று அரசர் திருநாள், 1215

ஹவீஸ்,

இத்தனை வருடம் கழித்துப் பேனாவைத் தொடுகிறேன் என்றால் அது ஜைல்ஸுக்காக. நான் பார்க்காத பிள்ளை. ஆனால் வருடா வருடம் வந்த பாலாடைக்கட்டியில் ஓரத்தில் கடித்த துண்டு ஒன்று இருக்கும். போன வருடம் இல்லை. பெரியவனாகிவிட்டான், வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு நோயாளிகள் அறைக்குப் போய், கிழவிகளின் போர்வைகளை ஒவ்வொன்றாக மடித்து மடித்து வைத்தேன். அந்த அறையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ கேட்டதைப் பற்றி. கட்டாயப்படுத்தினார்கள் என்று சத்தியம் செய்யச் சொல்கிறாய். யார் கட்டாயப்படுத்தினார்கள்? ஆயர் கேட்டார், நான் என் வாயால் ஆம் என்றேன். எந்தப் பெயரை நீதிமன்றத்தில் சொல்வது? உன் பெயரையா? உன்னைக் காப்பாற்ற உன்னையே காட்டிக்கொடுக்க வேண்டுமா?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் தொண்டையில் நிற்கும். எனக்கு வெளியே வர வேண்டியிருந்தபோது உள்ளே இரு என்றாய். உள்ளே இருக்கப் பழகியபின் வெளியே வா என்கிறாய். நான் என்ன கோட்டைப் பாலமா, வேண்டும்போது இறக்கவும் வேண்டாதபோது தூக்கவும்? அன்றைக்குக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன் அக்கா. நீ வரவில்லை.

அவெலின்


ஹோப்வெர்ன்
மெழுகுதிரித் திருநாள், 1215

அவெலின்,

எழுது. என் பெயரைத்தான் எழுது. ஃபுல்க் என்றோ அப்பா என்றோ எழுதாதே, செத்தவர்கள் மேல் போட்டுத் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. அக்கா ஹவீஸ் நிலத்துக்காகத் தங்கையைத் தலைமுழுகினாள் என்று எழுது. ஆயரின் கோவில் வாசலில் வெறுங்காலோடு, தலைவிரி கோலமாக, கையில் மெழுகுதிரியோடு நிற்கச் சொல்வார்கள். நிற்கிறேன். ஊர் பார்க்கட்டும்.

அன்றைக்கு நான் புறப்பட்டேன், அவெலின். அவரிடம் சொல்லாமல் புறப்பட்டேன். உங்கள் மடத்து மணி காதில் விழும் தூரம் வந்துவிட்டேன். ஆற்றுப் பாலத்தில் குதிரையை நிறுத்தினேன். உன் முகத்தைப் பார்த்தால் என்னால் சொல்ல முடியாது, உன்னைத் தூக்கிப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திரும்பிவிடுவேன் என்று தெரிந்தது. வயிற்றில் அவன் அசைந்தான். குதிரையைத் திருப்பிவிட்டேன். மணி அடித்து முடியவில்லை, அது வழியெல்லாம் பின்னாலேயே வந்தது.

கெரார் சமவெளியைத் தாண்டிவிட்டான் என்கிறார்கள். சீக்கிரம் எழுது.

அக்கா


எடித் மடம்
தவக்காலத்தின் முதல் ஞாயிறு, 1215

அக்கா,

பாலம்வரை வந்தாய் என்று அன்றைக்கே எழுதியிருந்தால் என்னவாம்? அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் இங்கே சந்தோஷமாக இருந்திருப்பேன். உனக்கு எப்போதும் இப்படித்தான், முக்கியமானதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்வாய்.

ஆயருக்கு எழுதிவிட்டேன். "என் உறவினர்களின் வற்புறுத்தலால்" என்று மட்டும் எழுதினேன். உன் பெயரைக் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்வோம். சாட்சியாகக் காட்ட அப்பாவின் மண்ணைப் பெயர்த்தெடுக்கலாம் என்று மண்வெட்டியோடு போனேன். சுவரோரம் முழுக்கப் பரவிவிட்டது. எது நம் ஊர்ப் புல், எது இந்த ஊர்ப் புல் என்று எனக்கே தெரியவில்லை. தாய் ஈடா இருந்திருந்தால், "பசு மட்டும்தான் பாக்கி" என்றிருப்பாள். அவளையும் அங்கேதான் புதைத்தோம்.

ஈஸ்டர்வரை தாக்குப்பிடி. அவன் வந்தால் காய்ச்சல் என்று படுத்துக்கொள். தொற்றும் என்று சொல். வருகிறேன் அக்கா.

உன் தங்கை


ஹோப்வெர்ன்
புனித யாக்கோபு திருநாள், 1215

அவெலின்,

உன் கடிதம் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று வந்தது. தவக்காலத்தில் கல்யாணம் கூடாது என்பதால் கெரார் அவசரப்பட்டு, அது தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாளே முடித்துவிட்டான். நான் காய்ச்சல் என்றுதான் படுத்தேன். "பரவாயில்ல, படுத்துக்கிட்டே சம்மதம்னு சொல்லலாம்" என்றான். அவனுடைய ஆட்கள் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு உனக்கு எழுத இத்தனை மாதம் ஆகிவிட்டது.

ராட்சசன் என்று நினைக்காதே. நன்றாகக் குறட்டை விடுவான், பீப்பாய்களைத் தட்டிப் பார்ப்பான், வேட்டைநாய்களைக் கூடத்தில் படுக்கவைப்பான். என் பெயரைச் சரியாகச் சொல்ல வரவில்லை. பிரபுக்கள் எல்லாம் சேர்ந்து போன மாதம் அரசரிடம் எழுதி முத்திரை வாங்கிவிட்டார்களாம், விதவையை அவள் விரும்பாமல் கட்டிவைக்கக் கூடாது என்று. ஓடோ வாசித்துக் காட்டினார். "நல்லாருக்கு. நாலு மாசம் முந்தி வாங்கியிருக்கக் கூடாதா இந்தப் புண்ணியவான்க?" என்றேன். அவர் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முழுகாமல் இருக்கிறேன். இந்த வயதில். மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவினாள். எப்போதும் வாய் ஓயாத பெண் அவள். எனக்குப் புரிந்தது.

பயமாக இருக்கிறது, தங்கச்சி. உன் நோயாளிகள் அறையில் ஒரு கட்டில் கிடைக்குமா? பேறுகாலத்துக்கு அங்கே போகட்டுமா என்று அவனிடம் கேட்டேன். போ, ஆனால் என் ஆட்கள் இரண்டு பேர் கூட வருவார்கள் என்றான். குழந்தை உயிரோடு பிறந்து, அதன் அழுகுரல் நாலு சுவருக்குள் கேட்டது என்று சாட்சி இருந்தால், நான் போனாலும் அவன் சாகும்வரை ஹோப்வெர்ன் அவனிடமே இருக்கும். அதுதான் சட்டம். அதற்காக இரண்டு காதுகளை என்னோடு அனுப்புகிறான்.

இந்த முறை பாலத்தில் திரும்ப மாட்டேன்.

அக்கா


எடித் மடம்
லூசியாள் திருநாள், 1215

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கொண்டுபோக ஆள் தேவையில்லை. நீ சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாய்.

நீ வண்டியிலிருந்து இறங்கிய அன்று நான் உன்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. யாரோ ஒரு பருத்த, நரைத்த அம்மாள் மடியில் ஈரச்சாக்கை வைத்துக்கொண்டு, "என்னடி, இவ்வளவு உயரமா வளந்துட்ட!" என்றாள். அந்தக் குரலில்தான் தெரிந்துகொண்டேன். சாக்கில் ஜைல்ஸின் மேட்டிலிருந்து புல்லோடு வெட்டிய மண் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே வழியெல்லாம் குலுங்கி வந்திருக்கிறாய். "அவன மந்திரிக்காத மண்ணுல வச்சுட்டேன். இங்க கொஞ்சம் வச்சுக்கடி" என்றாய். அப்பாவின் புல்லுக்குப் பக்கத்தில் நாம் இரண்டு பேரும் குனிந்து நட்டோம். உனக்குக் குனிய முடியவில்லை. நீ அதட்டினாய், நான் நட்டேன்.

உன் கட்டிலை என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன். நான் கேட்டது அந்த இடத்தைத்தான், நினைவிருக்கிறதா? எத்தனை நாள் இருந்தாய் என்று எண்ணிப் பார்க்க மனமில்லை. போர்வைக்குச் சண்டை போட்டோம். பெரிய சகோதரி வந்து, "ரெண்டு பேருக்கும் என்ன வயசாகுது?" என்று கேட்டாள். நீ என்னைக் கைகாட்டினாய்.

நண்பகல் மணிக்கு முன்பாகக் குழந்தை பிறந்தது. பெண். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நீ என் கையை நசுக்கிக்கொண்டு, "அழவேண்டாம்னு சொல்லு அவகிட்ட. அழாத கண்ணு, அந்த ஆளுங்க போகட்டும்" என்றாய். குழந்தைகள் எங்கே சொல் கேட்கின்றன? வீடு அதிர அழுதாள். வாசலில் நின்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் குதிரையை நோக்கி ஓடினார்கள். தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. உன் இரத்தம் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த பச்சிலையெல்லாம் வைத்தேன். எத்தனையோ பேருக்கு நிறுத்தியிருக்கிறேன் அக்கா, உனக்கு நிற்கவில்லை. மணி அடிக்கும்போது, "பாலம்வரைக்கும் இந்த மணிதான் கேட்டுச்சு" என்றாய். அதற்குமேல் பேசவில்லை.

உன்னை அப்பாவின் புல்லுக்கு அடியில் வைத்தோம். தலைமாட்டில் ஜைல்ஸின் மண். கோரொன்வி கேள்விப்பட்டு வந்தான். இப்போது அவனுக்கு மண்வெட்டி தூக்க முடியவில்லை, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

உன் பெண்ணுக்கு அம்மாவின் பெயரை வைத்தேன், சிபில். கெராரிடமிருந்து ஆள் வந்தது. பெண்பிள்ளையை மடத்திலேயே வளர்க்கலாமாம். வயது வந்ததும் முக்காடு போட்டுவிட வேண்டுமாம். அதற்கு வேண்டிய துணியும் மெழுகும் அனுப்புவானாம். அந்த வார்த்தைகளை நான் முன்பே ஒருமுறை படித்திருக்கிறேன்.

அவன் ஆள் போனபிறகு சகோதரிகள் எல்லோரையும் அழைத்தேன். கோரொன்வியையும் நிறுத்தினேன். உன் மேட்டிலிருந்து ஒரு துண்டு மண்ணைப் புல்லோடு வெட்டி, சிபிலின் கையில் வைத்தேன். "ஹோப்வெர்ன் உங்கிட்டதான் இருக்கு" என்று சத்தமாகச் சொன்னேன். பிடித்த பிடியிலேயே அவள் கை வாய்க்குப் போய்விட்டது. விரலை விட்டுத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. முக்காட்டைப் பற்றி ஆயரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. சட்டத்தில் செத்தவள் கொடுத்த மண் செல்லாது என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். இவளுக்கு யாரும் முக்காடு போட வந்தால் நான் கதவிலேயே நிற்பேன்.

வலது கன்னத்தில் குழி விழுகிறது அக்கா.

நீ வருடா வருடம் எழுதினாய், நான் பதில் போடவில்லை. இறந்தவர்கள் பதில் போட மாட்டார்கள் என்று திமிராக எழுதினேன். இனிமேல் நான் எழுதுகிறேன். அடுத்த அறுவடைக்குள் இவளுக்குப் பல் வந்துவிடும். பாலாடைக்கட்டியில் ஒரு துண்டைக் கடித்து வைப்பாள், அதைக் கொண்டுவந்து உன் புல்லின் மேல் வைக்கிறேன்.

உன் தங்கை
அவெலின்